பெயிண்ட் அப்புறம், ஷாக் அப்சார்பர் முதல்ல!

எங்க செட்ல இப்ப ஒரு சீசன் ஓடிக்கிட்டு இருக்கு. வீட்டு மூலையில சும்மா நிக்கிற அப்பாவோட பழைய வண்டியைத் தூசி தட்டி எடுக்கிறது, டேங்குக்கு பெயிண்ட் அடிக்கிறது, புது ஸ்டிக்கர் ஒட்டறது, முன்னாடி நின்னு ஒரு போட்டோ போடறது. அதுவும் ஆர்எக்ஸ் 100ன்னா கேக்கவே வேண்டாம். 1996-லயே உற்பத்தி நின்னுபோன வண்டிக்கு இன்னைக்கும் சிக்னல்ல பக்கத்துல வந்து நின்னு விலை கேக்கறாங்க.

நல்ல விஷயம்தான், குறை சொல்ல வரல. நானும் அதையேதான் செஞ்சேன். ஆனா செலவை ஆரம்பிச்ச இடம் தப்புன்னு இப்ப தோணுது. பழைய வண்டியில கை வைக்கிறதா இருந்தா, பிரேக்கும் டயரும் ஒழுங்கா இருக்குன்னா, அடுத்த ரூபாய் பின்பக்க சஸ்பென்ஷனுக்குத்தான் போகணும். பெயிண்ட், ஸ்டிக்கர், குரோம் எல்லாம் அதுக்கு அப்புறம்.

பி.காம் படிக்கிறவனுக்கு ஷாக் அப்சார்பர்ல என்ன வேலைன்னு கேக்கறீங்களா? கடைசியில கணக்குலதான் முடிப்பேன், கவலைப்படாதீங்க :-)

எங்க வீட்டு வண்டி 2003 மாடல் ஸ்ப்ளெண்டர். 97.2 சிசி. என்னைவிட மூத்தது, அதனால வீட்டுல மரியாதையும் அதுக்குத்தான் அதிகம். அப்பா ஸ்கூட்டருக்கு மாறினதும் என் கைக்கு வந்துச்சு. வந்ததும் நான் செஞ்ச முதல் காரியம் பெயிண்ட், ஸ்டிக்கர், புது சீட் கவர். 6,500 ரூபாய் ஆச்சு. பார்க்க ஷோரூம்ல இருந்து இறங்கின மாதிரி இருந்துச்சு.

நாங்க இருக்கறது ஸ்ரீரங்கம். அம்மாவுக்கு வேலை சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம். காலேஜ் போற வழியில நான்தான் தினமும் இறக்கி விடுவேன். ஒரு ரெண்டு மாசம் வந்தாங்க. அப்புறம் "நீ போப்பா, நான் பஸ்ல வந்துக்கறேன்"னு ஆரம்பிச்சாங்க. கேட்டா, "பஸ்தான் லேடீஸுக்கு ஃப்ரீயாச்சே"ன்னு பதில். 2021-ல இருந்து டவுன் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் கிடையாதே, அதனால நானும் சரின்னு விட்டுட்டேன். சொல்லப்போனா எனக்கு கொஞ்சம் சந்தோஷம்தான், பத்து நிமிஷம் கூடுதலா தூங்கலாம்.

ஒரு நாள் பஸ் வரலன்னு மறுபடி ஏறினாங்க. ஒரு தெருமுனை வேகத்தடையில நான் வழக்கம்போல ஏத்தி இறக்கினேன். வண்டி ஒரு தூக்கு தூக்கி, இன்னொரு தடவையும் தூக்குச்சு. அம்மா ஒருபக்கமா உக்காந்திருந்தவங்க சீட்டை விட்டு எழும்பி, என் சட்டையைப் பிடிச்சு, பாதி சறுக்கி, காலை ஊனி நின்னுட்டாங்க. டிபன் பாக்ஸ் ரோட்டுல உருண்டுச்சு. அடி ஒண்ணும் இல்ல. பின்னாடி லாரி கிரி வரல. அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒழுங்கா பிடிச்சு உக்காரக் கூடாதா?" இதை எழுதும்போது இப்பவும் கூச்சமா இருக்கு. அவங்க ஒண்ணும் சொல்லல. டப்பாவை எடுத்துக்கிட்டு நடந்து போயிட்டாங்க.

சாயங்காலம் மெக்கானிக் அண்ணன்கிட்ட வேற ஏதோ வேலைக்குப் போனப்ப இதைச் சொன்னேன். அவர் வண்டிகிட்ட வந்து சீட்டோட பின்பக்கத்தை ஒரு அமுக்கு அமுக்கி விட்டார். வண்டி ஊஞ்சல் மாதிரி மூணு நாலு தடவை ஆடி நின்னுச்சு. "தம்பி, பின்னாடி யாரு உக்கார்றா?"ன்னு கேட்டார். "அம்மா"ன்னேன். "அவங்க ஒண்ணும் சொல்லலையா?"

சொன்னாங்க. பஸ்ல வந்துக்கறேன்னு சொன்னாங்க. எனக்குத்தான் புரியல.

சரி, மேட்டருக்கு வருவோம்.

ஷாக் அப்சார்பர்னா நம்மள்ல பாதி பேர் அந்த ஸ்பிரிங்கைத்தான் நினைக்கிறோம். ஸ்பிரிங் செய்யறது பாதி வேலைதான். பள்ளத்துல விழற அடியை அது சுருங்கி வாங்கிக்கும். வாங்கினதைத் திருப்பிக் கொடுக்காம இருக்காது. அதை அடக்கறதுக்கு உள்ள ஒரு குழாய், அதுல எண்ணெய், எண்ணெய்க்குள்ள சின்னச் சின்ன துளை போட்ட ஒரு பிஸ்டன். பிஸ்டன் நகரணும்னா எண்ணெய் அந்தத் துளை வழியா நெருக்கிக்கிட்டுப் போகணும். அந்த நெருக்கத்துல அடியோட சக்தி சூடா மாறிப் போயிடும். ஸ்பிரிங் அடியை வாங்குது, எண்ணெய் அதை ஆத்துது.

சீல் தேஞ்சு எண்ணெய் கசிஞ்சு போச்சுன்னா மிச்சம் இருக்கறது வெறும் ஸ்பிரிங். வேகத்தடையில ஒரு தடவை தூக்க வேண்டிய வண்டி ரெண்டு மூணு தடவை தூக்கும். அந்த நேரத்துல பின் டயர் ரோட்டை ஒழுங்கா அழுத்தாது. அப்ப பிரேக் பிடிச்சா சக்கரம் லாக் ஆகி இழுத்துக்கிட்டுப் போகும். அதனால இது சொகுசு விஷயம் மட்டும் இல்ல.

இன்னொரு ஆளும் உண்டு, அவனை யாரும் கண்டுக்கறதில்ல. ஸ்விங் ஆர்ம் புஷ். பின் சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற அந்த ரெண்டு கை இரும்பு, சேசிஸோட ஒரு நீள போல்ட்டுல மாட்டியிருக்கும். அந்த இடத்துல என் வண்டியில இருக்கறது இரும்புக் குழலோட ஒட்டின ரப்பர் புஷ். வருஷக்கணக்குல வெயில், மழை, செயின் ஆயில் எல்லாம் பட்டு ரப்பர் விரிஞ்சு போனா, பின் சக்கரம் பக்கவாட்டுல ஆடும். வளைவுல வண்டி யாரோ வாலைப் பிடிச்சு இழுக்கற மாதிரி நெளியும். நாம ரோடு சரியில்லம்போம், காத்து அடிக்குதும்போம்.

இந்த விஷயத்துக்கும் நம்ம ஊருக்கும் ஒரு பழைய தொடர்பு இருக்கு. ஒரு காலத்துல பெரும்பாலான மோட்டார் சைக்கிள்கள்ல பின்பக்கம் சஸ்பென்ஷனே கிடையாது. சேசிஸ் நேரா பின் சக்கரத்தோட இறுகியிருக்கும், ஓட்டறவனோட சீட்டுக்கு அடியில மட்டும் ரெண்டு ஸ்பிரிங். ராயல் என்ஃபீல்டு 1948-ல இங்கிலாந்துல ஒரு டிரையல்ஸ் போட்டியில ஸ்விங் ஆர்ம் வச்ச புல்லட்டைக் காட்டினாங்க, 1949-ல விற்பனைக்கு வந்துச்சு. அந்த புல்லட்டைத் தயாரிக்கத்தான் 1955-ல சென்னையில என்ஃபீல்டு இந்தியா கம்பெனி ஆரம்பிச்சு, திருவொற்றியூர்ல தொழிற்சாலை வந்துச்சு. நம்ம ரோட்டுக்கு வந்து இத்தனை வருஷமாச்சு. அதைப் பராமரிக்கணும்னுதான் நமக்கு இன்னும் பழகல.

ஏன் பழகலன்னு யோசிச்சேன். என் பதில் ரொம்ப சிம்பிள். வண்டி ஓட்டறவனுக்கு வலிக்காது.

ஓட்டறவன் உக்கார்றது ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல. பின் சக்கரம் ஒரு ஜாண் தூக்கினா அவனுக்கு அதுல பாதிதான் தெரியும். மேல, அவன் காலை ஃபுட்ரெஸ்ட்ல ஊனி லேசா எழும்பிக்கலாம், பள்ளம் வரதும் முன்கூட்டியே தெரியும். பின்னாடி இருக்கறவங்க உக்கார்றது கிட்டத்தட்ட பின் அச்சுக்கு மேலயே. முழு அடியும் அவங்க முதுகுத்தண்டுக்கு. முன்னாடி என்ன வருதுன்னு பார்க்க வழியில்ல. புடவை கட்டி ஒருபக்கமா உக்காந்தா ஊனறதுக்குச் சரியா ரெண்டு காலும் இல்ல.

எகனாமிக்ஸ் கிளாஸ்ல எக்ஸ்டர்னாலிட்டின்னு படிச்சோமே, ஞாபகம் இருக்கா? முடிவு எடுக்கறவன் ஒருத்தன், அதோட செலவைச் சுமக்கிறவன் இன்னொருத்தன். ஆலைக்காரன் லாபம் பார்ப்பான், ஆத்துத் தண்ணி குடிக்கிறவன் நோயை வாங்குவான். அதே கதைதான் நம்ம வண்டியிலயும். எதுக்குச் செலவு பண்ணணும்னு தீர்மானிக்கிறது ஓட்டறவன். அவனுக்குக் கண்ணுக்குத் தெரியறது டேங்க், காதுக்குக் கேக்கறது சைலன்ஸர். வலி பின் சீட்டுக்கு. அம்மாவோ, பாட்டியோ, தங்கச்சியோ அவங்க யாரும் "உன் டேம்பிங் போயிடுச்சு"ன்னு சொல்ல மாட்டாங்க. "மெதுவாப் போப்பா"ம்பாங்க, இல்ல பஸ் ஏறிடுவாங்க.

சட்டம் பின் சீட்டுக்காரங்களை மறந்துடல. மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 123-வது விதி, பின்னாடி இருக்கறவங்க பிடிச்சுக்க கைப்பிடி, கால் வைக்க ஃபுட்ரெஸ்ட், துணி சிக்காம இருக்க பின் சக்கரத்துல பாதியாவது மூடற தடுப்பு எல்லாம் இருக்கணும்னு சொல்லுது. வேகத்தடைக்கும் இந்திய சாலைகள் காங்கிரஸ் அளவு கொடுத்திருக்கு: 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், 25 கிலோமீட்டர் வேகத்துல தாண்டற மாதிரி வட்டமான மேடு. எங்க தெருமுனையில இருக்கறதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, குட்டிச்சுவரைப் படுக்க வச்ச மாதிரி இருக்கும். ஆனா அதை நான் மாத்த முடியாது. என் வண்டியை மாத்தலாம்.

உங்க வண்டியை நீங்களே பார்க்கறதுக்கு அஞ்சு நிமிஷம் போதும்:

1. சீட்டோட பின்பக்கத்தை நல்லா அமுக்கி விடுங்க. ஒரு தடவை எழும்பி அடங்கணும். ஊஞ்சலாடினா எண்ணெய் வேலை செய்யல.

2. ஷாக் அப்சார்பரோட பளபளப்பான தண்டைப் பாருங்க. ஈரமா, மண் ஒட்டிப் பிசுக்கா இருந்தா சீல் போயாச்சு. தண்டுல துரு குழி விழுந்திருந்தா புது சீல் போட்டாலும் அது சீக்கிரம் கிழிஞ்சிடும்.

3. சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின் சக்கரத்தைப் பிடிச்சு இடமும் வலமும் ஆட்டுங்க. சக்கரம் மட்டும் ஆடினா வீல் பேரிங். ஸ்விங் ஆர்மும் சேர்ந்து ஆடினா புஷ்.

4. ஷாக் அப்சார்பர் மேலயும் கீழயும் மாட்டற கண்ல ரப்பர் இருக்கும். நசுங்கியிருந்தா டக் டக்குன்னு சத்தம் வரும்.

5. அப்படியே வெல்டிங் இருக்கற இடங்கள்ல துருவோ விரிசலோ இருக்கான்னும் பாருங்க. விரிசல் இருந்தா மத்த எதுவும் பேச வேண்டாம், முதல்ல அதுதான்.

இங்க நான் விழுந்த ஒரு குழியையும் சொல்லியாகணும். ஸ்பிரிங்குக்கு அடியில வளையம் மாதிரி படிகள் இருக்குமே, அதைக் கடைசிப் படிக்கு ஏத்திட்டா சரியாயிடும்னு நினைச்சேன். அந்த வளையம் ஸ்பிரிங்கை முன்கூட்டியே கொஞ்சம் அழுத்தி வைக்கும், அவ்வளவுதான். ரெண்டு பேர் போகும்போது வண்டி ரொம்ப உக்காராம இருக்க உதவும். போன எண்ணெயை அது கொண்டுவராது. கடைசிப் படியில வச்சப்ப அடி இன்னும் பலமா விழுந்ததுதான் மிச்சம்.

அடுத்த குழி இன்னும் பெருசு. ஒரு கடையில பார்த்தேன், தங்கக் கலர் ஸ்பிரிங், பக்கத்துல சிவப்புக் குப்பி. "கேஸ் ஷாக்கு தம்பி, ரேஸ் வண்டியில போடறது"ன்னார் கடைக்காரர். ஜோடி 1,400. மாட்டிப் பார்த்தா நீளம் ஒரு இஞ்ச் அதிகம். வண்டியோட பின்பக்கம் தூக்கிக்கிச்சு. சென்டர் ஸ்டாண்டு போட்டா சக்கரம் தரையை விட்டு எழும்பல. சைடு ஸ்டாண்டுல வண்டி விழற மாதிரி சாய்ஞ்சுது. அம்மா ஏறி உக்கார முடியல. சிவப்புக் குப்பியைக் கழட்டினா உள்ள காலி, அலங்காரத்துக்கு ஒட்டினது!

திருப்பிக் கொடுக்கப் போனா "பில் இருக்கா?"ன்னு கேட்டார். கொடுத்தாத்தானே இருக்கும்? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி பில் கொடுக்காம இருக்கறதே நியாயமற்ற வணிக நடைமுறை. செமஸ்டர்ல இதை அஞ்சு மார்க் கேள்வியா எழுதியிருக்கேன். கடையில நிக்கும்போது அது ஞாபகத்துக்கு வரல. படிப்பு வேற, பர்ஸ் வேறன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

கடைசியில ஒழுங்கா வேலை நடந்த விதம் இதுதான். எங்க மாதிரி வண்டிகள்ல வர்ற ஷாக் அப்சார்பர் பெரும்பாலும் வாயை மடிச்சு மூடினது, திறந்து சர்வீஸ் பண்றதுக்காகச் செஞ்சது இல்ல. அதை அறுத்து, ஆயில் ஊத்தி, திரும்ப வெல்டு வச்சுக் கொடுக்கிறவங்க இருக்காங்க. கம்மி செலவு. ஆனா என்ன ஆயில், எவ்வளவு ஆயில்னு யாருக்கும் தெரியாது, ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும்னும் உத்தரவாதம் இல்ல. ஒரு பக்கம் மென்மையா ஒரு பக்கம் விறைப்பா இருந்தா ஸ்விங் ஆர்ம் முறுக்கிக்கும். அதனால மாத்தினா ஜோடியா, கம்பெனி அளவுல புதுசா மாத்தறதுதான் நல்லது. திறந்து பழுது பார்க்கற மாதிரி செஞ்ச ஷாக் அப்சார்பர்னா அது வேற கதை, அதுக்கு சீலும் ஆயிலும் போதும். ஆனா ஸ்பிரிங்கைக் கழட்டற வேலையை வீட்டுல கயிறு கட்டிச் செய்யாதீங்க. அழுத்தத்துல இருக்கற ஸ்பிரிங் தெறிச்சா முகத்துல இருக்கறது முகமா இருக்காது.

புஷ் மாத்தறதுக்கு அந்த நீள போல்ட்டை உருவணும். இருபது வருஷத் துரு, அசையவே இல்ல. ராத்திரி முழுக்கத் துரு ஆயில் ஊத்தி வச்சு, காலையில தட்டித் தட்டி எடுத்தார் அண்ணன். பழைய புஷ்ஷை லேத் பட்டறையில பிரஸ் வச்சுத் தள்ளி, புதுசை இறக்கினாங்க. சுத்தியல்ல அடிச்சு இறக்கினா ரப்பர் கிழியும். திரும்ப மாட்டும்போது போல்ட்டைச் சும்மா கையால முடுக்கிட்டு, வண்டியைத் தரையில இறக்கி, என்னை மேல உக்கார வச்சு, அப்புறம்தான் முழுசா முறுக்கினார். சக்கரம் தொங்கும்போது முறுக்கிட்டா, வண்டி கீழ உக்கார்றப்ப ரப்பர் எப்பவும் திருகின நிலையிலயே இருந்து சீக்கிரம் பிச்சுக்குமாம். இந்த ஒரு விஷயத்துக்காகவே அவருக்கு ஒரு டீ எக்ஸ்ட்ரா. கடைசியா செயின் தொய்வைச் சரி பண்ணி, சக்கரம் நேரா இருக்கான்னு பார்த்து முடிச்சார்.

இப்ப கணக்கு. ஷாக் அப்சார்பர் ஜோடி 2,100. புஷ், ரப்பர் எல்லாம் 350. லேத் 150. கூலி 500. மொத்தம் 3,100 ரூபாய். நாலு வருஷம் தாங்கினா மாசத்துக்கு 65 ரூபாய் வரும். பெயிண்டுக்குக் கொடுத்ததுல பாதி கூட இல்ல. தங்கக் கலர் ஸ்பிரிங்கு 1,400 தண்டச் செலவு, அதை என் முட்டாள்தனக் கணக்குல எழுதிக்கங்க.

"எதுக்குடா இந்த வம்பு, புது வண்டி வாங்கிடலாமே"ன்னு ஒரு நண்பன் கேட்டான். 2025 செப்டம்பர்ல சின்ன வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28-ல இருந்து 18 சதவீதமா குறைஞ்சுது, உண்மைதான். குறைஞ்ச பிறகும் ஒரு 100 சிசி வண்டி ரோட்டுக்கு வர 80,000-க்கு மேல ஆகுது. என் வண்டிக்கு 15 வருஷம் முடிஞ்சு 2018-ல ஒரு தடவை, 2023-ல ஒரு தடவை ஆர்.சி. புதுப்பிச்சாச்சு, 2028 வரைக்கும் இருக்கு. இன்ஜின் நல்லா இருக்கு. 80,000 இருக்கறவங்க தாராளமா வாங்கட்டும். இல்லாதவன் வீட்டுப் பின் சீட்டுக்கும் முதுகு உண்டு, அதைத்தான் சொல்றேன்.

இன்னொரு கேள்வி, "வண்டியோட மதிப்பே இருபதாயிரம் தேறாது, அதுல போய் மூவாயிரம் போடுவியா?" இது கணக்குப் படிச்சவன் கேக்கற கேள்வி மாதிரி இருக்கும், ஆனா தப்பு. விலை குறைஞ்சா தேய்மானம் நிக்காது. இன்சூரன்ஸ்காரங்களைப் பாருங்க. வண்டி க்ளெய்ம்ல உலோகப் பாகத்துக்கு வயசுக்கு ஏத்த மாதிரி கழிப்பாங்க, ரப்பர் பாகத்துக்கு மட்டும் புது வண்டியா இருந்தாலும் சாதாரண பாலிசியில நேரா 50 சதவீதம் கழிச்சிடுவாங்க. ரப்பரை நம்பக் கூடாதுன்னு அவங்களுக்குத் தெரியும். நாம இருபது வருஷம் ஒரே ரப்பரை நம்பிக்கிட்டு இருக்கோம்.

எங்க ஊர் காவிரிப் பாலத்தையே எடுத்துக்கங்க. 1976-ல திறந்த பாலம். வெறும் தார் ஊத்தி ஒப்பேத்தின காலத்துல இணைப்புக்கு இணைப்பு தடக் தடக்குன்னு போகும். 2022 கடைசியில மூடி, இணைப்புகளையும் அடியில இருக்கற பேரிங்கையும் மாத்தி, 2023 மார்ச்ல திறந்தாங்க. மேல இருந்து பார்த்தா அதே பாலம்தான்.

வேலை முடிஞ்ச மறுநாள் அம்மாவை வற்புறுத்தி ஏத்திக்கிட்டேன். நான் எதையும் சொல்லல. அதே தெருமுனை, அதே குட்டிச்சுவர். மெதுவாத்தான் ஏத்தினேன். ஒரு தடவை எழும்பி அடங்குச்சு. சத்திரம் வந்து இறங்கும்போது கேட்டாங்க, "புதுசா ரோடு போட்டுட்டாங்களா?"

நான் ஆமான்னு சொல்லிட்டேன். வேலைக்கு நேரமாச்சு, அதுவும் இல்லாம மன்னிப்பு கேக்கற அளவுக்கு எனக்கு அன்னைக்கு தைரியம் வரல. இந்தப் பதிவைப் படிக்கச் சொல்லித்தான் கேக்கணும்.

நீங்க ஒண்ணு பண்ணுங்க. இன்னைக்கு வண்டியை நிறுத்தும்போது சீட்டோட பின்பக்கத்தை ஒரு தடவை அமுக்கிப் பாருங்க. முடிஞ்சா, நண்பனை ஓட்டச் சொல்லிட்டு உங்க வண்டியிலயே நீங்க பின்னாடி உக்காந்து ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க. அதுக்கப்புறம் பெயிண்ட் கலரைப் பத்தி யோசிக்கலாம்.

பி.கு: தங்கக் கலர் ஸ்பிரிங் ஜோடி இன்னும் பரண்ல இருக்கு. யாரும் கேக்காதீங்க, தர மாட்டேன். இன்னொருத்தர் வீட்டுப் பின் சீட்டுக்கு நான் பாவம் சேர்த்துக்கத் தயாரா இல்ல :-)